இசக்கிசெல்வி பார்க்கச் சொன்ன கதை

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் இசக்கிசெல்வியின் பார்லர் இருக்கிறது. பார்லர் என்று சொன்னாலும் அது அவள் வீட்டின் முன்பாதிதான். நடுவில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பும் கட்டிலும்; இந்தப் பக்கம் சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பெஞ்சு. புருவம் எடுப்பாள், ஃபேஷியல் செய்வாள், கல்யாண மேக்கப்புக்கு கோலிவாடா வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆனால் போன வருஷம் வரைக்கும் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேர் புருவத்துக்காக வந்தவர்கள் இல்லை. இன்றைக்கு எதைப் பார்க்கலாம் என்று அவளிடம் கேட்டுப் போக வந்தவர்கள்.

"எக்கா, அந்த வக்கீலம்மா சீரியல் எப்பிடி?"

புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு நுனி இசக்கியின் பல்லில் இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் பேச முடியும். நாற்காலியில் சாய்ந்திருப்பவள் ஒரு புருவம் முடிந்து ஒரு புருவம் முடியாமல் கண்ணை மூடிக் காத்திருப்பாள்.

"ஆரம்பத்துல நல்லா இருந்துச்சு. இப்ப அந்தம்மா கோர்ட்டுக்கே போக மாட்டேங்கா. மாமியார் கூட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு. கொழம்பு வச்சிக்கிட்டே பாரு, போதும்."

அவள் தீர்ப்புகள் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை குழம்பு வைத்துக்கொண்டே பார்க்கத்தக்கவை. சில 'பக்வாஸ்', வெறும் குப்பை. அபூர்வமாக எப்போதாவது ஒன்றுக்கு, "அடுப்ப அமத்திட்டு உக்காந்து பாரு" என்பாள். அவள் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தச் சந்தில் நாலைந்து வீட்டில் அன்று சாப்பாடு தாமதமாகும்.

இந்தப் பழக்கம் சிறுவயதிலேயே வந்தது. அப்போதெல்லாம் மாட்டுங்கா பக்கத்துத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் படம் போடுவார்கள். அவள் அப்பா அவளை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் படத்துக்குப் போக முடியாத பெண்கள் குழாயடியில் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். அவள் கதை சொல்வாள். முடிவு பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிட்டு, எப்படி முடித்திருக்கலாம் என்றும் சொல்வாள். நாற்பத்தாறு வயதிலும் அது மாறவில்லை. வெயிலுமுத்துவைக் கல்யாணம் செய்தபோது அவளுக்கு இருந்த ஒரே குறை, எந்தப் படம் போட்டாலும் டைட்டில் ஓடும்போதே அவன் தூங்கிவிடுவான் என்பதுதான். ஏர்போர்ட் கார்கோவில் மூட்டை ஏற்றுகிறவன், அசதி. அதையும் அவள் ஒரு அளவுகோலாக்கிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு பாதிவரைக்கும் முழிச்சிருந்தாரு. அப்பன்னா நல்ல படம்தான்."

பானுமதி அடுத்த சந்து. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் புருஷன் ராஜபாண்டி பெல்ட் செய்யும் பட்டறையில் தோல் வெட்டுகிறவன். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கமும் கிடையாது. வீட்டில் டிவி ரிமோட் மாமியார் அகிலாண்டத்தின் தலையணைக்கு அடியில் இருக்கும். பானுமதியின் போனில் ரீசார்ஜ் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். மாமியார் மதியம் கண்ணசரும் நேரத்தில் அவள் இசக்கியின் பார்லருக்கு வந்து, பெஞ்சின் சுவரோர மூலையில் உட்கார்ந்து, இசக்கியின் போனை வாங்கிக்கொள்வாள். "எக்கா, எதாவது போட்டுத் தாங்களேன்." அவ்வளவுதான் பேச்சு. நாலு மணிக்குப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு நாள் இசக்கி அவளுக்கு ஒரு வெப் சீரிஸ் போட்டுக் கொடுத்தாள். எட்டு எபிசோட். அதன் பெயர் இசக்கியைத் தவிரச் சந்தில் யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் அதை 'பஸ் கதை' என்றார்கள். ஒரு சின்ன ஊரில் ஒரு பெண். ஒரு நாள் பகலில் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுகிறாள். மீதிக் கதை முழுக்க அவள் வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பதும், புருஷன் அவளைத் தேடுவதும்தான். சண்டையில்லை, பாட்டில்லை.

"உக்காந்து பாரு," என்றாள் இசக்கி. "ஆறு மாசத்துல நான் பாத்ததுலயே இதான் உருப்படியான கதை."

பானுமதி பார்த்தாள். வழக்கமாக வாயே திறக்காதவள் இதைப் பார்க்கும்போது கேள்வியாகக் கேட்டாள்.

"எக்கா, இவளுக்குப் போற ஊரு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாதுளா. கண்டக்டர் எங்கன்னு கேக்கும்போதுதான் யோசிக்கா. அந்த சீனு ஏ ஒன்னு."

"மொத நாளு எங்க தங்குவா?"

"அதெல்லாம் வருது, பாரு."

"கடைக்காரரு ஊரு பேரெல்லாம் விசாரிக்காம எப்பிடி வேல குடுத்தாரு?"

இசக்கிக்கு உச்சி குளிர்ந்தது. கதையை இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற ஆள் இந்தச் சந்தில் தன்னைத் தவிர யாரும் கிடையாது என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள்.

ஒரு மதியம் பெஞ்சில் இருந்த பெண்கள் அந்தக் கதையைப் பற்றிச் சண்டையே போட்டார்கள். ஃபேஷியல் கிரீமோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அந்தப் புருசன் என்ன தப்பு செஞ்சான்? அடிச்சானா, குடிச்சானா? நல்ல மனுசன விட்டுட்டுப் போறா கழுத," என்றாள்.

"அடிச்சாத்தான் போவணுமா?" என்றாள் இசக்கி. "வீட்டுல ஒரு மனுசி இருக்கான்னே அவனுக்கு ஞாபகம் இல்ல. நானா இருந்தா மொத எபிசோட்டுலயே பஸ் ஏறியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் பானுமதி காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தது கண்ணாடியில் தெரிந்தது. இசக்கி கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

முதல் மழை பெய்த அன்று பானுமதி போய்விட்டாள்.

அகிலாண்டம் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது வீடு கழுவித் துடைத்திருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனையாமல் உள்ளே மடித்து வைத்திருந்தது. குக்கரில் சோறு சூடாக இருந்தது. பானுமதியின் போன் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. ராஜபாண்டி பட்டறையிலிருந்து போட்ட பனியனோடு ஓடி, சயான் ஸ்டேஷன், தாதர், குர்லா டெர்மினஸ் என்று மழையில் அலைந்தான். வள்ளியூருக்குப் போன் செய்தால் அங்கே அவள் அம்மா அழுதாள், அங்கும் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஏதோ ஒரு நம்பரிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்கேன். நானாத்தான் வந்தேன். தேடாதிய." அதற்குமேல் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. போலீசில் கேட்டதற்கு, விவரம் தெரிந்த பெண், தானாகப் போனேன் என்று சொல்லிவிட்ட பிறகு நாங்கள் என்ன செய்வது என்றார்கள்.

பஸ் கதை விஷயம் எப்படியோ அகிலாண்டத்தின் காதுக்குப் போனது. அவள் சந்து முனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏ இசக்கி! வெளிய வாட்டி! எம் மருமவளுக்கு என்னத்தப் போட்டுக் காட்டுன?"

இசக்கி நூல்கண்டோடு வாசலுக்கு வந்தாள். "சித்தி, அது சும்மா ஒரு கதை சித்தி. ஊரே பாத்துருக்கு."

"ஊருல எவ போனா? எம் வீட்டுல இருந்தவதான போனா! அந்தக் கதையில வந்தவ மாதிரியே அடுப்ப அணச்சுட்டு, பையத் தூக்கிட்டுப் போயிருக்கா. நீயா இருந்தா மொத எபிசோட்டுலயே போயிருப்பன்னு சொன்னியாமே? ஏன் போவல? உம் புருசன விட்டுட்டு நீ போயிருக்க வேண்டியதான? எதுக்குட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைய பஸ் ஏத்திவிட்ட?"

சந்தில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. அகிலாண்டம் கத்திக் களைத்து, மழைத்தண்ணீரில் உட்கார்ந்து அழுதாள். தூக்கிவிடப் போன இசக்கியின் கையைத் தட்டிவிட்டாள்.

வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்த வெயிலுமுத்து, "ஊருக்கெல்லாம் நீ ஏன் சொல்லிக்கிட்டுக் கெடக்க? அவங்கவங்க எதையோ பாத்துட்டுப் போறாங்க," என்றான். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "நெசமாவே போயிருப்பியா?"

"சாப்பிடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு," என்றாள் இசக்கி.

பார்லருக்கு ஆள் வருவது குறைந்தது. யாரும் சண்டை போடவில்லை. புருவம் எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு தடவை அவளே வலியப் போய், "புதுசா ஒரு படம் வந்திருக்கு, நல்லாருக்கு," என்று தொடங்கினாள். நாற்காலியில் இருந்தவள் சிரித்துக்கொண்டே, "வேண்டாம்க்கா, எங்க வீட்டுக்காரரு வையுவாரு," என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். இசக்கி நூலைப் பல்லில் கவ்விக்கொண்டு மறு புருவத்துக்குக் குனிந்தாள்.

அதற்குப் பிறகுதான் ராஜபாண்டி வரத் தொடங்கினான்.

முதல் நாள் பட்டறை முடிந்து, தோல் வாடையோடு வாசலில் வந்து நின்றான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று இசக்கி நினைத்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"எக்கா, அந்தப் பஸ் கதைய எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு தம்பி அது? பொம்பளைங்க பாக்குத கதை. போரடிக்கும்."

"அவ எங்க ஒக்காந்து பாத்தா?"

இசக்கி பெஞ்சின் மூலையைக் காட்டினாள். அவன் அங்கே போய் உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். கொடுக்காமல் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ஒன்று பார்த்தான். மறுநாள் வந்து அடுத்ததைப் பார்த்தான். இசக்கி திரைக்கு அந்தப் பக்கம் நின்று சமைத்துக்கொண்டே அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் இயர்போன் போட மாட்டான். கதையில் வரும் புருஷன் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து போகும் இடத்தில் ராஜபாண்டி கோபமாக, "க்யா ஆத்மி ஹை! இவன்லாம் ஒரு மனுசனா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இசக்கி எட்டிப் பார்த்தபோது, படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா," என்றான் ஒரு நாள், "இதப் பாக்கும்போது அவ அழுதாளா?"

"இல்ல தம்பி."

"சிரிச்சாளா?"

"கேள்வி கேப்பா."

"என்ன கேட்டா?"

எங்கே தங்குவாள் என்று கேட்டாள், எப்படி வேலை கிடைத்தது என்று கேட்டாள். அதை எப்படி அவனிடம் சொல்வது? "எல்லாரும் கேக்குததுதான். அதான், அடுத்து என்னன்னு," என்று இழுத்தாள். அவ்வளவு கேள்வி கேட்டிருக்கிறாளே, அதெல்லாம் கதைக்கான கேள்விகள் இல்லை என்று அப்போது தனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இசக்கி பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். உறைத்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் தெரியவில்லை. போகாதே என்று சொல்லியிருப்பாளா? பானுமதிக்கு அந்த வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று இசக்கிக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இசக்கி கேட்டதுமில்லை. சீரியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராஜபாண்டி ஆறாவது எபிசோட் பார்த்து முடித்திருந்தபோது, ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"எக்கா, நான்தான்."

இசக்கி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "பானு! எங்களா இருக்க?"

"ஒரு எடத்துல இருக்கேன். வேல கெடச்சிருக்கு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக கூட ரூம்ல இருக்கேன். நீங்க யார்ட்டயும் சொல்லக் கூடாது. அவுகட்டயும்தான். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன். எளா, உம் மாமியா வந்து என்னைய..."

"தெரியும்க்கா. ஊருக்குப் பேசுனப்ப அம்மா சொன்னா. மன்னிச்சிருங்க." பிறகு, "அவுக எப்பிடி இருக்காவ?" என்றாள்.

"இங்கதான் வாரான். நீ ஒக்காந்த எடத்துல ஒக்காந்து அந்தப் பஸ் கதையப் பாக்கான்."

மறுமுனையில் பஸ் ஹாரன் ஒன்று கேட்டது. யாரோ கன்னடத்திலோ தெலுங்கிலோ கூப்பிட்டார்கள்.

"எதுவரைக்கும் பாத்துருக்காவ?"

"ஆறு."

"முழுசாப் பாக்கட்டும்க்கா," என்றாள் பானுமதி.

திரும்பி வா என்று சொல்ல வேண்டும் என்று இசக்கி நினைத்தாள். வராதே, நன்றாக இரு என்றும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் பானுமதி வேறு குரலில், பார்லருக்கு வந்தவள்போலவே கேட்டாள்:

"சரி, புதுசா என்ன வந்திருக்கு? லீவு அன்னைக்குப் பாக்க ஒண்ணுமில்ல. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்."

கதை சொல்லத் தெரிந்த நாள் முதல் இந்தக் கேள்விக்கு இசக்கிக்குப் பதில் இல்லாமல் போனதில்லை. அன்று சுவரையும் கண்ணாடியையும் பார்த்தாள். "நான் இப்ப ஒண்ணும் பாக்கதில்லளா," என்றாள்.

"சும்மா சொல்லாதிய."

"நெசமாத்தான்."

"சரிக்கா. வைக்கேன்."

அன்று மாலை ராஜபாண்டி வந்து அதே போனை வாங்கிக்கொண்டான். அவன் விரல் போனில் ஏறி இறங்கும்போதெல்லாம் இசக்கி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அழைப்பை அழித்துவிட்டாள்தான். மறுபடி வந்துவிட்டால்? குழம்பு அடிப்பிடித்தது.

ஏழாவது எபிசோட் முடிந்ததும் அவன் திரையை விலக்கிக் கேட்டான்: "எக்கா, அந்த ஆளு கடைய கண்டுபிடிச்சிட்டான். வாசல்ல போய் நிக்கான். அவ வந்துருவால்ல?"

முடிவைச் சொல்லச் சொல்லி எத்தனையோ பேர் அவளைக் கெஞ்சியிருக்கிறார்கள். "பாத்துத் தெரிஞ்சுக்கோ," என்று சிரிப்பாள். அவன் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"வருவா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சந்தில் யாரிடமோ சிரித்துப் பேசுவதுகூடக் கேட்டது. இசக்கி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. மறுநாள் நெட் இல்லை என்றாள். அதற்கு மறுநாள் சார்ஜ் இல்லை என்றாள். அவன் தன் போனை நீட்டி, "இதுல ஏத்திக் குடுங்க," என்றான். அவனுக்குத் தமிழில் பெயரைத் தேடத் தெரியாது. அவளே தேடி, கடைசி எபிசோடை எடுத்துக் கொடுத்தாள்.

கதையில் அந்தப் பெண் கடைக்கு வெளியே வருகிறாள். புருஷனோடு டீ குடிக்கிறாள். வீட்டுக்கு வா என்கிறான். அவள் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குவதைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து ஊசிநூல் எடுத்துவந்து தைத்துக் கொடுக்கிறாள். பிறகு, "இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. முதல் தடவை பார்த்தபோது இசக்கி கைதட்டியிருந்தாள்.

பெயர்கள் ஓடி முடியும்வரை ராஜபாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருவான்னு சொன்னியளே?"

"தம்பி..."

"இது முடியல, என்னா? இன்னொரு பார்ட் வரும்ல?"

"தெரியல தம்பி. வந்தாலும் வரலாம்."

"வரும்," என்றான். "இப்பிடி யாராவது முடிப்பாங்களா? நீங்கதான் பாத்துக்கிட்டே இருப்பியளே, வந்தா சொல்லுங்க."

அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. பானுமதி உயிரோடு இருக்கிறாள், வேலை பார்க்கிறாள், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். அதைச் சொன்னால் எங்கே என்று கேட்பான். காலில் விழுவான். பானுமதிக்குச் செய்த சத்தியம் இருந்தது. அதைவிட, பானுமதி கேட்ட அந்தக் கேள்வியை இவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்ற பயம் இருந்தது. இசக்கி டீ போட்டுக் கொடுத்தாள். அவன் ஆறவிட்டுக் குடிக்காமல் போனான்.

மழைக்காலம் முடியும்வரை அவன் வந்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். வெயிலுமுத்து ஒரு நாள் பொறுக்காமல், "இது வீடா, தியேட்டரா? வேண்டாம்னு சொல்லு," என்றான். "நீங்களே சொல்லுங்க," என்றாள் இசக்கி. வெயிலுமுத்து திரையை விலக்கிப் போனான். மூலையில் ராஜபாண்டி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, தானும் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த எபிசோட் முடியும்வரை தூங்காமல் பார்த்தான்.

முதல் எபிசோடில் ஒரு காட்சி உண்டு. புருஷன் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குக்கர் விசில் அடிக்கிறது. அந்தச் சத்தத்தில் மனைவி ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது. அவன் நிமிரவில்லை. ராஜபாண்டி அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினான்.

"எக்கா, இங்க இவ என்ன சொல்லுதா?"

"கேக்காது தம்பி. அப்பிடித்தான் எடுத்துருக்கான்."

"கொஞ்சம் சவுண்ட் வச்சுத் தாங்க."

அவள் முழுச் சத்தம் வைத்துக் கொடுத்தாள். விசில் சந்துவரை கேட்டது. அவன் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டான். திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டான்.

தீபாவளி கழிந்து ராஜபாண்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்யாண் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தான். அகிலாண்டம் டெம்போவில் முன்சீட்டில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்ட் டூ வந்தா போன் பண்ணுங்க," என்று தன் நம்பரை இசக்கியின் போனில் தானே பதிந்து கொடுத்தான். பானுமதி பேசிய நம்பரை அழித்திருந்தாலும் இசக்கிக்கு அது மனப்பாடம். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். உபயோகத்தில் இல்லை என்றது.

பெஞ்சில் இப்போது மறுபடி ஆள் உட்காரத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் ஒருத்தி, கல்யாணமாகி வந்த புதுப்பெண், பழைய விஷயம் எதுவும் தெரியாதவள், "அக்கா, நீங்க நல்லா சொல்லுவீங்களாமே? பாக்குற மாதிரி எதாவது சொல்லுங்களேன்," என்று கேட்டாள்.

இசக்கி அவளைப் பார்த்தாள். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், மாமியார் எப்படி, வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவார், வந்தால் பேசுவாரா என்று கேட்டுக்கொண்டே போனாள். அந்தப் பெண் முதலில் சிரித்துப் பதில் சொன்னாள். பிறகு அவள் முகம் மாறியது. "சும்மா ஒரு படம்தானக்கா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.